உண்டியல் யார் கையில்?



கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும், நாள்தோறும் ஏதாவது ஓர் உதவி வேண்டுகோள் நம் கண்ணில் படுகிறது. சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருக்கும் தந்தை, தீயில் வீட்டைப் பறிகொடுத்த குடும்பம், கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத மாணவி. படத்துக்குக் கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். மனம் இளகி 10 வெள்ளி அனுப்பிவிடுகிறோம். அல்லது, 'இது மெய்யோ பொய்யோ, யார் கண்டது?' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இணையத்தின் வழி பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் இந்த வழக்கத்தை 'மக்கள் நிதி திரட்டல்' என்கிறார்கள். தனி மனிதர்கள் கேட்பது நமக்குத் தெரியும். சங்கங்கள் கேட்பதும் தெரியும். ஆனால் ஒரு நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ தன் எல்லைக்குள் வாடுகிறவர்களுக்காக இப்படி உண்டியல் ஏந்தலாமா? ஏந்தினால் நாம் கொடுக்கலாமா?

"வரி வாங்குகிற மன்றம் நன்கொடையும் கேட்பதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடும் முன், நம் பழைய கதை ஒன்றைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

நமக்குப் புதிதல்ல

பலர் கூடிச் சிறுதொகை போட்டு ஒருவரைத் தூக்கி நிறுத்துவது நம் இரத்தத்தில் ஊறியது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். சாவு வீட்டில் லயம் முழுவதும் சேர்ந்து கைகொடுக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறோம். இதிலெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. அதுதான் நோட்டுப் புத்தகம். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்பது எழுத்தில் இருக்கும். திருவிழா முடிந்ததும் கணக்கைப் படிக்காத தலைவரை மறு ஆண்டு யாரும் தலைவராக விடுவதில்லை.

இதையே நாடு தழுவிச் செய்து காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். அங்கேயே பிறந்து பால்மரம் சீவியவர்கள் வேலையும் இழந்து வீடும் இழந்து நின்றார்கள். அப்போது, 1960-ஆம் ஆண்டில், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தொடர்ந்து வேறு தோட்டங்களையும் வாங்கியது.

அன்று 10 வெள்ளி சிறிய தொகை அல்ல. இருந்தும் நம்மவர்கள் கொடுத்ததற்குக் காரணம் என்ன? எதற்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தது. கேட்டவரின் முகம் தெரிந்தது. கொடுத்த பணம் பங்காக அவரவர் பெயரில் நின்றது. நோக்கம், முகம், கணக்கு ஆகிய இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு கதையையும் இந்த மூன்றால்தான் அளக்கப்போகிறோம்.

வெளியே வராத கொடி

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கோவிட் தொற்றால் நாடு முழுவதும் முடங்கியது. தினக்கூலிக்காரர்களின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மாத இறுதியில் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. பசித்தவர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்த்தவர் உதவிக்கு வருவார். இனம் பாராமல், மதம் பாராமல் மலேசியர்கள் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரையைத் தொட்டபோதும் அண்டை அயலாரும் முன்பின் தெரியாதவர்களும் படகோடு ஓடி வந்தார்கள். நம் மக்களின் ஈரம் வற்றிவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கொடி கட்டத் துணிந்தவருக்கு அரிசி வந்தது. மானத்துக்கு அஞ்சிக் கொடி கட்டாத வீட்டுக்கு? ஊர் என்ன சொல்லுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தேநீரைக் கொடுத்துப் படுக்க வைத்த தாய்மார்கள் இருந்திருக்க மாட்டார்களா? சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருக்கும் லயத்தில் கொடி பறந்தால் யார் கண்ணில் படும்?

இணையத்தில் உதவி கேட்பதும் இப்படித்தான். நன்றாக எழுதத் தெரிந்தவருக்கும், படம் எடுத்துப் போடத் தெரிந்தவருக்கும், ஆயிரம் நண்பர்கள் உள்ளவருக்கும் பணம் சேர்கிறது. எழுதத் தெரியாத பாட்டிக்கும் கேட்கக் கூசும் விதவைக்கும் சேர்வதில்லை. துன்பம் ஒன்றுதான், வாய்தான் வேறு. வாயில்லாதவருக்காக யாராவது கேட்டாக வேண்டும். ஊராட்சி மன்றம் உண்டியல் ஏந்துவதில் அர்த்தம் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது.

தோக்கியோவில் ஓர் உணவுப் பெட்டி

இதைச் செய்து பார்த்த நாடு ஜப்பான். அங்கே 2008-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வந்தது. 'சொந்த ஊர் வரி' என்று அதைத் தமிழில் சொல்லலாம். பிழைப்புக்காகப் பட்டணம் போனவர், தாம் விரும்பும் எந்த ஊர் மன்றத்துக்கும் நன்கொடை அனுப்பலாம். அதில் 2,000 யென் போக மீதித் தொகை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அவர் கட்டவேண்டிய வரியில் கழிக்கப்படும். பிறகு இணையத்தில் இன்ன காரியத்துக்கு, இவ்வளவு தொகை, இத்தனை நாளுக்குள் என்று அறிவித்து மன்றங்களே நிதி திரட்டும் முறையும் இதனுள் வளர்ந்தது.

தோக்கியோ மாநகரின் வட்டாரங்களில் ஒன்று புன்க்யோ. வசதியானவர்கள் நிறைந்த பகுதி. ஆனால் வசதியான ஊரிலும் வறுமை ஒளிந்திருக்கும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், பள்ளிச் செலவுக்கு அரசு உதவி பெறும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் அந்த வட்டார மன்றம் சில தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, அத்தகைய வீடுகளுக்கு உணவுப் பொருள்களை நேரே அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக இணையத்தில் 2 கோடி யென் கேட்டது. வந்து சேர்ந்தது 8 கோடி யென்னுக்கும் மேல்! நன்கொடை கொடுத்தவருக்குப் பரிசுப் பொருள் எதுவும் கிடையாது. கொடுப்பதெல்லாம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

தொகையைவிட முக்கியமானது அவர்கள் உதவியைக் கொண்டுசேர்த்த விதம். உதவி வேண்டுகிறவர் மன்ற அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசி வழியே விண்ணப்பிக்கலாம். சாமான் பெட்டி, கடையில் வாங்கிய பொருள் வீட்டுக்கு வருவதுபோல வந்து இறங்கும். அது உதவிப் பெட்டி என்று அண்டை வீட்டாருக்குத் தெரியாது. பெட்டி வருவதை ஒட்டி அந்தக் குடும்பத்தோடு ஒரு தொடர்பும் ஏற்படுகிறது. வேறு என்ன கஷ்டம் என்று மெல்லக் கேட்டறிய வழி பிறக்கிறது.

நம் ஊரில் பத்துக் கிலோ அரிசி கொடுப்பதற்கு ஒரு மேடை போட்டு, பத்துப் பேர் நின்று, வாங்குகிறவரின் குனிந்த தலையைப் படம் எடுத்துப் போடுகிறோமே, அதை எண்ணிப் பாருங்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் முகநூலுக்கே தெரிவித்துவிடுகிறோம்! கணக்கு ஊருக்குத் தெரியவேண்டும். வாங்கியவரின் முகம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதுதான் புன்க்யோ நமக்குத் தரும் முதல் பாடம்.

வெள்ளம் கண்ட ஊர் செய்த கைம்மாறு

ஜப்பானில் இருந்தே இன்னொரு கதை. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், குமாமோத்தோ பகுதியை இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து உலுக்கின. நாடெங்கும் இருந்து மக்கள் நன்கொடை அனுப்ப முன்வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது எழுத வேண்டும், வரிக்கழிவுச் சான்று அனுப்ப வேண்டும். இடிபாடுகளுக்கு நடுவே, தங்கள் வீட்டையே இழந்து நிற்கும் மன்ற ஊழியர்கள் இதையெல்லாம் செய்துகொண்டு உட்கார முடியுமா?

அப்போது தொலைவில் இபராக்கி மாநிலத்தில் உள்ள சாக்காய் என்ற சிறுநகரம் ஒரு யோசனை சொன்னது. "உங்கள் நன்கொடையை எங்கள் மன்றம் வாங்கிக்கொள்கிறது. ரசீது வேலையை எங்கள் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பணத்தை அப்படியே உங்களிடம் சேர்த்துவிடுகிறோம்." முந்தைய ஆண்டு செப்டம்பரில் பெருமழை வெள்ளத்தில் தத்தளித்த ஊர் அது. அடிபட்ட ஊருக்கு எது பாரம் என்பது அடிபட்ட ஊருக்குத்தானே தெரியும்? மற்ற மன்றங்களும் இம்முறையைப் பின்பற்றின. 2024 ஜனவரி முதல் நாள் நோத்தோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும் பல ஊர் மன்றங்கள் இப்படியே உதவின.

நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பருவமழை வருகிறது. கிளந்தான், பகாங், ஜொகூர் என்று எங்கேயாவது ஊர் மூழ்குகிறது. மூழ்கிய ஊரின் மாவட்ட மன்றத்துக்காக மூழ்காத ஊரின் மன்றம் நன்கொடை வாங்கி, ரசீது கொடுத்து, கணக்குப் பார்த்து அனுப்பினால் என்ன?

ஆசை புகுந்தபோது

நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சொந்த ஊர் வரித் திட்டத்தில் ஓட்டையும் விழுந்தது. நன்கொடையாளருக்கு நன்றிப் பரிசு அனுப்பலாம் என்று இருந்ததால், இறைச்சி, நண்டு, பழம் என்று ஊர்கள் போட்டி போட்டன. ஒசாக்கா மாநிலத்தின் இசுமிசானோ நகரம் ஊர்ப் பொருளோடு நில்லாமல், இணையக் கடையின் அன்பளிப்புச் சீட்டையே கொடுத்துப் பணத்தைக் குவித்தது. அரசாங்கம் அதைத் திட்டத்திலிருந்து விலக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் நகரமே வென்றது. இதற்கிடையில், 2019 முதல் பரிசின் மதிப்பு நன்கொடையில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மறுபுறம், யோக்கோஹாமா போன்ற பெருநகரங்களின் வரிப்பணம் வெளியூர்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது. கொடுப்பவன் மனம் ஏழையின் பசியை விட்டு நண்டின் மேல் தாவிவிட்டால், அது தர்மம் அல்ல, வியாபாரம்.

நம் நாட்டிலும் ஓர் அனுபவம் உண்டு. 2018 மே மாத இறுதியில், நாட்டின் கடனை அடைக்க மக்கள் உதவட்டும் என்று அன்றைய கூட்டரசு 'தாபோங் ஹராப்பான்' நிதியைத் தொடங்கியது. உண்டியலை உடைத்துக் கொடுத்த சிறுவர்கள் உண்டு. 2019 ஜனவரியில் நிதி மூடப்பட்டபோது 20 கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்திருந்தது. மக்களின் நாட்டுப்பற்றுக்கு அது சான்று. ஆனால் கடனோ ஒரு லட்சம் கோடி வெள்ளி என்று அரசே சொன்னது. சேர்ந்தது அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கடலில் கரைத்த பெருங்காயம்போல, என் 10 வெள்ளி எங்கே போயிற்று என்று எவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இந்தத் தெருவில் வெள்ளத்தில் பாயும் அடுப்பும் இழந்த 40 வீடுகள் என்று கேட்டிருந்தால் காட்டியிருக்க முடியும். உண்டியல் சிறிதாகவும் அருகிலும் இருந்தால்தான் அதன் அடி தெரியும்.

நம் ஊரில் நடக்க வேண்டுமானால்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் மன்றங்கள் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது முதல், மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்களே தவிர, நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டால் கேள்வி கேட்க முடியாத இடத்தில், கணக்கால்தான் கேள்வி கேட்க முடியும். ஆகவே ஒரு மன்றம் நம்மிடம் நன்கொடை கேட்டால், நாம் எதிர்பார்க்க வேண்டியவை இவை:

1. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். தொகை கூடினால் என்ன செய்வார்கள், குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

2. பணம் மன்றத்தின் பெயரில் உள்ள தனிக் கணக்குக்குப் போக வேண்டும். எந்த அதிகாரியின், எந்த அரசியல்வாதியின் சொந்தக் கணக்குக்கும் ஒரு காசு போகக்கூடாது.

3. ரசீது கொடுக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, அரசாங்கத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு. வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

4. மன்றமும் தன் பங்கைப் போட வேண்டும். இங்கிலாந்தின் பிளிமத் நகர மன்றம் 2015 முதல், கட்டடம் கட்டும் நிறுவனங்களிடம் வசூலிக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, மக்கள் இணையத்தில் நிதி திரட்டும் ஊர்க் காரியங்களுக்குச் சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறது. "நீ ஒரு வெள்ளி போடு, நானும் ஒன்று போடுகிறேன்" என்று சொல்லும் மன்றத்தை மக்கள் நம்புவார்கள்.

5. கைத்தொலைபேசியில் பணம் அனுப்பத் தெரியாத பெரியவர்களுக்காக முகப்பிலும் வாங்க வேண்டும். கணக்கை இணையத்தில் மட்டும் போடாமல், மலாய், சீனம், தமிழ் மொழிகளில் எழுதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.

6. உதவி பெறுகிறவரின் பெயரும் படமும் வெளியே வரக்கூடாது.

கேட்கக் கூடாதது

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். வரி வாங்குகிற மன்றம் நன்கொடையும் கேட்கலாமா? கேட்கலாம், வரி எதற்காக வாங்கப்பட்டதோ அதற்காகக் கேட்காத வரையில். கால்வாய் துப்புரவு, தெரு விளக்கு, குப்பை அள்ளுதல் ஆகியவை மன்றத்தின் கடமை. ஆண்டுக்கு இருமுறை வீட்டு வரி கட்டுவது இதற்குத்தான். அடைத்த கால்வாயைச் சுத்தம் செய்ய உண்டியல் ஏந்தும் மன்றத்திடம் உண்டியலைத் திருப்பிக் கொடுத்து, வரி ரசீதைக் காட்டுங்கள். எதிர்பாராத வெள்ளம், தீ, நோய், திடீரென்று வேலை இழந்த குடும்பங்களின் பசி ஆகியவற்றுக்காகக் கேட்டால், பையில் கை விடுங்கள்.

தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். தோட்டம் தனியார் நிலம் என்று மன்றத்தின் குப்பை லாரி தோட்ட வாசலோடு திரும்பிப் போனது நமக்குப் பழக்கமான கதை. உதவியும் அந்த வாசலோடு திரும்பிவிடக்கூடாது. நிதி திரட்டும்போது 'மன்ற எல்லைக்குள் வாழும் மக்கள்' என்றால் அதில் லயத்து மக்களும் சேர்த்தியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பட்டியல் எழுதி முடிந்த பிறகு கேட்டால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வட்டார மன்ற உறுப்பினர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோயில் நிர்வாகம், மாதர் பிரிவு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகிய மூன்றும் கூடி உட்கார்ந்து, ஊரில் எந்த வீடு வாய் திறந்து கேட்காத வீடு என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்தப் பட்டியல் மேடையில் படிப்பதற்கு அல்ல, மழை வரும்போது மன்ற உறுப்பினர் கையில் கொடுப்பதற்கு.

அதேபோல், மன்றத்தின் பெயரைச் சொல்லி வரும் எல்லா வேண்டுகோளையும் நம்பிவிடாதீர்கள். மோசடிக்காரன் முதலில் திருடுவது நல்ல பெயரைத்தான். மன்ற அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் பிள்ளைகளை விட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். வீடு வீடாக உண்டியலோடு வருகிறவர்களிடம் உரிமக் கடிதத்தைக் கேட்கவும் தயங்காதீர்கள். பொது வசூலுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1947 முதலே இருக்கிறது. மடியில் கனம் இல்லாதவர் காட்டிவிட்டுப் போகிறார்!

வாசக அன்பர்களே, கொடுப்பதற்கு நம்மவர்கள் என்றுமே பின்வாங்கியதில்லை. சம்பளம் வாங்கிய கையோடு பத்து வெள்ளியை எடுத்து நீட்டிய பாட்டாளியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். உண்டியல் மண் கலயமாக இருந்தாலும் கைத்தொலைபேசியாக இருந்தாலும் கேட்க வேண்டியவை அதே மூன்றுதான். எதற்கு? யார் கையில்? கணக்கு எங்கே? இம்மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள். கிடைக்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் மன்றமோ பொது அமைப்போ நல்ல முறையில் நிதி திரட்டிக் கணக்கும் காட்டியிருந்தால் நமக்கு எழுதுங்கள். மற்ற ஊர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.